அமெரிக்காவில் வருமான வரி பாக்கி: திவால் மனு போடுமுன் தேதிகளை எண்ணுங்கள்

போன மார்ச்சில் ஒரு சனிக்கிழமை மாலை, ஒருவர் இருபது பவுண்டு பொன்னி அரிசிப் பையோடு என் வீட்டுக்கு வந்தார். பைக்குள் இருந்தது அமெரிக்க வரித்துறையான ஐஆர்எஸ் அனுப்பிய கடிதங்கள். பாதிக்கு மேல் பிரிக்கவே இல்லை. கம்பெனி வேலையை விட்டுவிட்டு 1099 படிவத்தில், சம்பளக்காரராக அல்லாமல் சொந்தமாக கான்ட்ராக்ட் எடுத்துச் செய்தவர் அவர். சம்பளத்திலேயே வரி பிடிக்கும் ஏற்பாடு நின்றுபோனதும், வரிக்கென்று தனியாகப் பணம் எடுத்து வைக்கத் தவறிவிட்டார். நாலு வருஷ பாக்கி சேர்ந்துவிட்டது. திங்கட்கிழமை திவால் மனு போடுவதாக இருந்தார். "வரிக் கடன் எப்படியும் போகாதாமே, கிரெடிட் கார்டு கடனாவது போகட்டும்" என்றார்.

கடிதங்களை மேசையில் வருஷவாரியாக அடுக்கி, ஒவ்வொன்றின் தேதியையும் ஒரு தாளில் எழுதினோம். இன்னும் 23 நாள் பொறுத்தால் ஒரு முழு வருஷத்தின் வரி தள்ளுபடிக்குள் வந்துவிடும் என்று தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமையே வக்கீலுக்கு எழுதினார். மனு மே மாதத்துக்குத் தள்ளிப்போனது.

அந்தத் தாளில் என்ன எழுதினோம் என்பதை, இந்த நாட்டுக்குப் புதிதாக வந்து வரிச் சிக்கலில் மாட்டிக்கொண்டவர்களுக்குப் புரியும்படி சொல்லப் பார்க்கிறேன். நான் வக்கீல் இல்லை, வருஷக்கணக்காக வரிக்கணக்கு போட்டுக் கொடுப்பவன். மனு போடுவது திவால் வக்கீலின் வேலை. ஆனால் அவரிடம் போகுமுன் உங்கள் தேதிகள் உங்கள் கையில் இருக்க வேண்டும். வரி விஷயத்தில் ஒரே ஒரு வாரம் பல ஆயிரம் டாலரைத் தீர்மானிக்கும்.

நம் ஊரில் 'மஞ்சக் கடுதாசி கொடுத்துட்டான்' என்றால் அந்தக் குடும்பமே தலை குனிய வேண்டும். இங்கே திவால் என்பது கூட்டாட்சி நீதிமன்றத்தில் நடக்கும் ஒரு நடைமுறை. இங்கே வசிப்பவர்களும், இங்கே தொழிலோ சொத்தோ உள்ளவர்களும் மனு போடலாம். குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டியதில்லை. தனிநபருக்குப் பெரும்பாலும் இரண்டு வழிதான் பயன்படும். திவால் சட்டத்தின் சாப்டர் 7-இல், சட்டம் விலக்கு அளிக்காத சொத்தை, வழக்கைக் கவனிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி எடுத்து விற்றுக் கடன்காரர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். தள்ளுபடி ஆகக்கூடிய மீதிக் கடன் ஏறக்குறைய நாலு மாதத்தில் போய்விடும். சாப்டர் 13-இல் சொத்தை வைத்துக்கொண்டு, மூன்று முதல் ஐந்து வருஷம் மாதாமாதம் டிரஸ்டியிடம் பணம் கட்ட வேண்டும்.

சரி, வரிக்கு வருவோம்.

முதல் படி: தாக்கல் செய்யாத ரிட்டர்னை இன்றே தாக்கல் செய்யுங்கள்

கையில் பணம் இல்லை என்பதால் ரிட்டர்னே (வருமான வரிக் கணக்கே) போடாமல் விட்டுவிடுவார்கள். நான் பார்த்ததில் இதைவிடப் பெரிய தவறு கிடையாது. பணம் கட்டாமல் இருப்பது ஒரு கடன், அதற்கு வழி உண்டு. ரிட்டர்ன் போடாமல் இருந்தால் அந்த வழிகள் எல்லாம் அடைபடும். தாமதமாகத் தாக்கல் செய்வதற்கு அபராதம் மாதம் 5 சதவீதம், உச்சம் 25 சதவீதம். தாமதமாகக் கட்டுவதற்கோ மாதம் அரை சதவீதம்தான். பணம் இல்லாவிட்டாலும் கணக்கைக் கொடுத்துவிடுவது எவ்வளவு லாபம் என்பது இதிலேயே தெரியும்.

ரொம்ப நாள் போடாமல் விட்டால், சம்பளத்தைக் காட்டும் டபிள்யூ-2, கான்ட்ராக்ட் வருமானத்தைக் காட்டும் 1099 படிவ விவரங்களை வைத்து ஐஆர்எஸ் தானாகவே உங்கள் பெயரில் ஒரு கணக்கைப் போட்டுவிடும். இதை மாற்று ரிட்டர்ன் என்கிறார்கள். அதில் உங்கள் செலவுகளைக் கழிக்க மாட்டார்கள், வரி அதிகமாகவே வரும். திவாலைப் பொறுத்தவரை அது நீங்கள் தாக்கல் செய்த ரிட்டர்ன் ஆகாது. அதன் பேரில் விதித்த வரி எத்தனை வருஷம் ஆனாலும் தள்ளுபடிக்குள் வராது. 'ஐஆர்எஸ்ஸே போட்டுவிட்டதே, நான் வேறு எதற்கு' என்று இருந்துவிடாதீர்கள்.

இரண்டாம் படி: அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்டை எடுங்கள்

ஐஆர்எஸ் இணையதளத்தில் உங்கள் பெயரில் கணக்கு தொடங்கினால், ஒவ்வொரு வருஷத்துக்கும் அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்ட் (உங்கள் வரிக் கணக்கில் நடந்ததைத் தேதியோடு காட்டும் பதிவு) இலவசமாகக் கிடைக்கும். இணையத்தில் முடியவில்லை என்றால் 4506-டி படிவம் அனுப்பலாம். ரிட்டர்ன் டிரான்ஸ்கிரிப்ட் என்று வேறொன்றும் இருக்கும், அது போதாது. அக்கவுன்ட் டிரான்ஸ்கிரிப்டில்தான் தேதிகள் இருக்கின்றன.

முதல் தடவை பார்க்கும்போது வெறும் எண்களாகத் தெரியும். பயப்பட வேண்டாம், சில எண்களைத் தெரிந்துகொண்டால் போதும். 150 என்ற எண் உங்கள் ரிட்டர்ன் ஏற்கப்பட்டு வரி விதிக்கப்பட்டதைக் காட்டும். அதே 150-க்குப் பக்கத்தில் மாற்று ரிட்டர்ன் என்று எழுதி, தொகை பூஜ்யமாக இருந்தால், அது நான் மேலே சொன்ன ஐஆர்எஸ் போட்ட கணக்கு. 290 என்றால் கூடுதல் வரி, 300 என்றால் தணிக்கைக்குப் பின் விதித்த கூடுதல் வரி. 460 இருந்தால் அந்த வருஷம் எக்ஸ்டென்ஷன் (ரிட்டர்ன் போட அக்டோபர் வரை கூடுதல் அவகாசம்) வாங்கியிருக்கிறீர்கள். 480 சமரசத் தொகை விண்ணப்பம் (பாக்கியைக் குறைந்த தொகையில் முடிக்கக் கேட்பது), 520 பழைய திவால் அல்லது வழக்கு, 582 லீன் (பாக்கிக்காக உங்கள் சொத்தின் மேல் ஐஆர்எஸ் வைக்கும் பிடி). ஒவ்வொரு எண்ணுக்கும் எதிரே உள்ள தேதியை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

எக்ஸ்டென்ஷன் வாங்கினோமா என்று பலருக்கு நினைவே இருக்காது. கணக்கு போட்டுக் கொடுத்தவர் சொல்லாமலே 4868 படிவத்தை அனுப்பியிருப்பார். அதனால் நினைவை நம்பாமல் டிரான்ஸ்கிரிப்டில் 460 இருக்கிறதா என்று பாருங்கள்.

மூன்றாம் படி: மூன்று கணக்கு

எல்லாம் இதில்தான் இருக்கிறது. ஒரு வருஷத்தின் வருமான வரி தள்ளுபடி ஆக வேண்டுமானால், நீங்கள் மனு போடும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணி மூன்று சோதனையிலும் தேற வேண்டும்.

ஒன்று, மூன்று வருஷ விதி. அந்த ரிட்டர்னுக்கான கடைசி நாள், எக்ஸ்டென்ஷனையும் சேர்த்து, மனு நாளுக்கு மூன்று வருஷத்துக்கு முன்பே கடந்திருக்க வேண்டும். நீங்கள் எக்ஸ்டென்ஷன் வாங்கிவிட்டு மே மாதமே தாக்கல் செய்திருந்தாலும் அக்டோபர் தேதிதான் கணக்கு.

இரண்டு, இரண்டு வருஷ விதி. ரிட்டர்ன் உண்மையில் ஐஆர்எஸ் கைக்குப் போன நாள், மனுவுக்கு இரண்டு வருஷத்துக்கு முன்பு இருக்க வேண்டும். தபாலில் அனுப்பியவர்கள் பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்று, 240 நாள் விதி. ஐஆர்எஸ் வரியை முறையாக விதித்த நாளிலிருந்து 240 நாள் கடந்திருக்க வேண்டும். தணிக்கை முடிந்து கூடுதல் வரி விதித்தால், அந்தக் கூடுதலுக்கு அன்றிலிருந்து புதிதாக எண்ண வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். நியூ ஜெர்சியில் இருக்கும் ஒருவர் 2026 மே 1 அன்று மனு போட நினைக்கிறார். நாலு வருஷ பாக்கி.

2020-ஆம் ஆண்டு வரி. கோவிட் காரணமாக அந்த வருஷம் கடைசி நாள் 2021 மே 17. எக்ஸ்டென்ஷன் இல்லை, நேரத்தில் தாக்கல் செய்துவிட்டார், தணிக்கையும் இல்லை. மூன்று சோதனையிலும் தேறுகிறது. இது போய்விடும்.

2021-ஆம் ஆண்டு. எக்ஸ்டென்ஷன் வாங்கினார், கடைசி நாள் 2022 அக்டோபர் 17. மூன்று வருஷம் 2025 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது. ஆனால் அவர் தாக்கல் செய்தது 2024 டிசம்பர் 10. இரண்டு வருஷ விதி 2026 டிசம்பர் 10 வரை தடுக்கும். மே மாதம் மனு போட்டால் இந்த வரி நிற்கும்.

2022-ஆம் ஆண்டு. கடைசி நாள் 2023 ஏப்ரல் 18. நேரத்தில் தாக்கல் செய்தார். மூன்று வருஷம் 2026 ஏப்ரல் 18-ஓடு முடிகிறது, மே 1 அதைத் தாண்டிவிடுகிறது. அவர் ஏப்ரல் 10-ஆம் தேதி அவசரப்பட்டு மனு போட்டிருந்தால் இந்த வருஷ வரி முழுவதும் அவர் தலையிலேயே நின்றிருக்கும். ஆனால் இதே வருஷத்துக்குத் தணிக்கை நடந்து, 2026 ஜனவரி 12 அன்று கூடுதல் வரி விதித்திருக்கிறார்கள். அதிலிருந்து 240-ஆவது நாள் செப்டம்பர் 9. ஆக, மே மாதத்தில் ஒரே வருஷத்தின் அசல் வரி போகும், கூடுதல் வரி நிற்கும்.

2023-ஆம் ஆண்டு. கடைசி நாள் 2024 ஏப்ரல் 15. இது 2027 ஏப்ரலுக்குப் பிறகுதான்.

இப்போது அவர் யோசிக்க வேண்டியது, மே மாதமா, செப்டம்பர் நடுவிலா, டிசம்பர் நடுவிலா என்பது. ஒவ்வொரு தேதிக்கும் எவ்வளவு தொகை தள்ளுபடிக்குள் வரும் என்று எழுதிப் பாருங்கள். கிரெடிட் கார்டுக்காரர்கள் வழக்கு போட்டு, சம்பளத்தில் பிடித்தம் ஆரம்பித்துவிட்டால் காத்திருக்க முடியாமல் போகலாம். அப்படி நெருக்கடி இல்லை என்றால் காத்திருப்பதுதான் லாபம். கடைசி நாளிலேயே மனு போடாமல் சில வாரம் கூடுதலாக விட்டுப் போடுவது நல்லது, ஒரு நாள் தவறினாலும் அந்த முழு வருஷத்தின் வரியும் தலையில் நின்றுவிடும்.

கடிகாரத்தை நிறுத்தி வைக்கும் விஷயங்கள்

மூன்று வருஷமும் 240 நாளும் எப்போதும் இடைவிடாமல் ஓடாது. முன்பே ஒரு திவால் மனு போட்டிருந்தால், ஐஆர்எஸ் வசூலிக்க முடியாமல் இருந்த அந்தக் காலமும், அதன் மேல் 90 நாளும் சேரும். வசூல் நடவடிக்கைக்கு எதிராக விசாரணை கேட்டு, அது நிலுவையில் இருந்த காலத்துக்கும் இதே கணக்கு. சமரசத் தொகை விண்ணப்பம் போட்டிருந்தால், அது நிலுவையில் இருந்த நாட்களும் 30 நாளும் 240 நாள் கணக்கில் கூடும். டிரான்ஸ்கிரிப்டில் 480, 520 வந்தால் கையால் எண்ணிவிட்டு விட்டுவிடாதீர்கள். வக்கீலிடம் முதலில் அந்தப் பதிவைக் காட்டுங்கள்.

தாமதமாகப் போட்ட ரிட்டர்னும், நீங்கள் வசிக்கும் மாநிலமும்

இது நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம், கொஞ்சம் வருத்தமானதும்கூட. 2005-இல் திவால் சட்டத்தைத் திருத்தியபோது, ரிட்டர்ன் என்றால் என்ன என்பதற்கு ஒரு விளக்கம் சேர்த்தார்கள். சில மாநிலங்களைச் சேர்த்து ஒரு 'வட்டம்' என்று பிரித்து, வட்டத்துக்கு ஒன்றாக இருக்கும் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் அதைப் படித்து ஆளுக்கொரு பக்கம் போய்விட்டன. ஐந்தாம் வட்டம் 2012-இலும், பத்தாம் வட்டம் 2014-இலும், முதலாம் வட்டம் 2015-இலும், ஒரு நாள் தாமதமாகத் தாக்கல் செய்தாலும் அது சட்டப்படி ரிட்டர்ன் ஆகாது, அந்த வரி ஒருபோதும் தள்ளுபடி ஆகாது என்று சொல்லிவிட்டன. டெக்சஸ், லூசியானா, மிசிசிப்பி ஐந்தாம் வட்டத்தில் வருகின்றன. கொலராடோ, யூட்டா, கான்சஸ், ஓக்லஹோமா போன்றவை பத்தாம் வட்டம். மாசச்சூசெட்ஸ், மெய்ன், நியூ ஹாம்ப்ஷயர், ரோட் ஐலண்ட் முதலாம் வட்டம்.

நியூ ஜெர்சி, பென்சில்வேனியா உள்ள மூன்றாம் வட்டமும், கலிபோர்னியா உள்ள ஒன்பதாம் வட்டமும் அவ்வளவு கடுமையாகப் போகவில்லை. நேர்மையாக, நியாயமாக வரிச் சட்டத்தைப் பின்பற்ற முயன்றாரா என்று பார்க்கின்றன. ஐஆர்எஸ் தானாக வரி விதித்த பிறகு பல வருஷம் கழித்து ரிட்டர்ன் போட்டவர்கள் அங்கேயும் தோற்றிருக்கிறார்கள். ஆனால் ஐஆர்எஸ் முந்துவதற்குள் போட்டவர்களுக்கு இடம் உண்டு.

மேலே சொன்ன நபரின் 2021-ஆம் ஆண்டு வரிக்கு வருவோம். அவர் நியூ ஜெர்சியின் எடிசனில் இருந்தால் டிசம்பருக்குப் பிறகு வாதாடலாம். அவரே வேலைக்காக டெக்சஸில் உள்ள டாலஸ் போய் அங்கே மனு போட்டால், அந்த வரி கடைசிவரை நிற்கும். ஊர் மாறும் யோசனை இருந்தால் வக்கீலிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

மறைத்தால் எல்லாம் போச்சு

மோசடி ரிட்டர்ன் போட்டாலோ, வேண்டுமென்றே வரி ஏய்த்தாலோ, எந்தத் தேதிக் கணக்கும் உதவாது. இதில் நம்மவர்கள் தெரியாமல் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. திவால் மனுவில் உலகத்தில் எங்கே சொத்து இருந்தாலும் எழுத வேண்டும். தஞ்சாவூர்ப் பக்கம் அப்பா பெயரிலிருந்து உங்கள் பெயருக்கு மாறிய அரை ஏக்கர் நிலம், சென்னை வங்கியில் உள்ள என்ஆர்ஈ டெபாசிட், கூட்டுப் பட்டாவில் உங்கள் பங்கு, யாழ்ப்பாணத்தில் விற்காமல் கிடக்கும் காணி, எல்லாமே. 'அது ஊர்ச் சொத்துதானே, இங்கே யாருக்குத் தெரியும்' என்று விட்டால், தள்ளுபடியே மறுக்கப்படலாம், பொய்ச் சத்தியம் என்று குற்ற வழக்கும் வரலாம். வரி பாக்கி ஏறிக்கொண்டிருக்கும்போது வீட்டைத் தம்பி பெயருக்கு மாற்றுவது, ஊருக்குப் பெரிய தொகை அனுப்புவது, இவையும் ஏய்ப்புக்கு அடையாளமாகக் காட்டப்படும். ஏற்கெனவே செய்துவிட்டீர்கள் என்றால் மறைக்காமல் வக்கீலிடம் சொல்லுங்கள். முன்கூட்டியே சொன்னால் அவரால் வழி யோசிக்க முடியும்.

எப்போதும் போகாதவை

ஊழியர் சம்பளத்தில் பிடித்து அரசுக்குக் கட்டாமல் விட்ட வரி, எத்தனை வருஷம் ஆனாலும் நிற்கும். உணவகமோ மளிகைக் கடையோ நடத்தி, ஊழியர் சம்பள வரிக்கான 941 படிவத்தோடு கட்ட வேண்டிய பணத்தை வாடகைக்கு எடுத்துக் கட்டியவர்கள் இதை மனதில் வையுங்கள். கம்பெனி மூடினாலும், பொறுப்பில் இருந்தவர் மேல் அது தனிப்பட்ட முறையில் விழும். வாடிக்கையாளரிடம் வாங்கிய விற்பனை வரியும் அப்படியே.

இன்னொன்று, ஐஆர்எஸ் பயத்தில் கிரெடிட் கார்டில் தேய்த்து வரி கட்டாதீர்கள். தள்ளுபடி ஆகாத வரியைக் கட்டுவதற்காக வாங்கிய கடனும் சாப்டர் 7-இல் தள்ளுபடி ஆகாது. வட்டிதான் மூன்று மடங்கு ஏறும்.

அபராதத்துக்குத் தனிக் கணக்கு உண்டு. வரி தள்ளுபடி ஆனால் அதன் மேல் வந்த அபராதமும் வட்டியும் கூடவே போகும். மூன்று வருஷத்துக்கு முந்திய விஷயத்துக்கான அபராதம், வரி நின்றாலும்கூடப் போகலாம்.

லீன் பதிவாகியிருந்தால்

டிரான்ஸ்கிரிப்டில் 582 இருந்தால் ஐஆர்எஸ் உங்கள் சொத்தின் மேல் லீன் அறிவிப்பு பதிவு செய்திருக்கிறது. திவாலில் வரிக் கடன் தள்ளுபடி ஆனாலும், மனு போட்ட நாளில் இருந்த சொத்தின் மேல் அந்த லீன் நிற்கும். உங்கள் புதுச் சம்பளத்தைத் தொட முடியாது, ஆனால் வீட்டை விற்கும்போது பாக்கி கழிந்துதான் பணம் கைக்கு வரும். ஓய்வூதியச் சேமிப்பும் இதற்குத் தப்பாது. வீட்டில் உங்கள் பங்கு மதிப்பு அதிகமாக இருந்து, லீன் இன்னும் விழவில்லை என்றால், அது விழுமுன் மனு போடுவதா, மூன்று வருஷம் முடியக் காத்திருப்பதா என்று எடை போட்டுப் பார்க்க வேண்டும். இதற்கு ஒரே விடை கிடையாது.

தேறாத வருஷங்களுக்குச் சாப்டர் 13

தேதி தேறாத புது வரி, கிரெடிட் கார்டு போன்றவற்றுக்கு முன் கட்ட வேண்டிய முன்னுரிமைக் கடனாக நிற்கும். சாப்டர் 13-இல் அதை முழுவதும் கட்டியாக வேண்டும், ஆனால் ஐந்து வருஷத்துக்குப் பிரித்துக் கட்டலாம். லீன் இல்லாத முன்னுரிமை வரிக்குப் பொதுவாக அந்தக் காலத்தில் வட்டி ஏறாது. தேறிய பழைய வரியும் அபராதமும், கிரெடிட் கார்டு வரிசையில் சேர்ந்து, கிடைக்கிற பங்கோடு முடியும். மனுவுக்குப் பின் கடன் கொடுத்தவர்களுக்காக டிரஸ்டி நடத்தும் முதல் கூட்டத்துக்கு முன் கடந்த நாலு வருஷ ரிட்டர்னும் தாக்கல் ஆகியிருக்க வேண்டும். இல்லாவிட்டால் வழக்கே ரத்தாகிவிடலாம். 2025 ஏப்ரல் முதல், பிணையில்லாக் கடன் 5,26,700 டாலருக்கும் பிணையுள்ள கடன் 15,80,125 டாலருக்கும் குறைவாக இருந்தால்தான் இந்த வழி.

மனு போடும்போது

மனுவுக்கு முந்திய 180 நாளுக்குள் கடன் ஆலோசனை வகுப்பு ஒன்றை முடித்திருக்க வேண்டும். நீதிமன்றக் கட்டணம் சாப்டர் 7-க்கு 338 டாலர், சாப்டர் 13-க்கு 313 டாலர். கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே கடைசி வருஷ ரிட்டர்ன் டிரஸ்டியிடம் போயிருக்க வேண்டும். வருமானம் அதிகம், அதனால் சாப்டர் 7 கிடைக்காது என்று யாராவது சொன்னால், வருமான வரிக் கடன் நுகர்வோர் கடன் கணக்கில் வருவதில்லை என்பதை வக்கீலிடம் கேளுங்கள். மொத்தக் கடனில் பாதிக்கு மேல் வரியும் தொழில் கடனுமாக இருந்தால் அந்த வருமானச் சோதனையே பொருந்தாது. ஆனால் நுகர்வோர் கடனில் சேரும் வீட்டுக் கடன் பெரிதாக இருந்தால் தராசு மறுபக்கம் சாயும்.

மனு பதிவான நிமிஷமே வசூல் நிற்கும். சம்பளப் பிடித்தமும் வங்கிக் கணக்கு முடக்கமும் நிற்கும். தணிக்கையும் வரி விதிப்பும் மட்டும் தொடரலாம். பழைய வருஷ ரீஃபண்டைப் பழைய பாக்கிக்கு எடுத்துக்கொள்ளவும் ஐஆர்எஸ்ஸுக்கு உரிமை உண்டு.

தள்ளுபடி உத்தரவு வந்த பிறகு

உத்தரவு ஒரே பக்கம்தான் இருக்கும். எந்த வருஷ வரி போனது என்று அதில் எழுதியிருக்காது. அதனால் சில மாதம் கழித்து மறுபடி டிரான்ஸ்கிரிப்டை எடுங்கள். தேறிய வருஷங்களில் பாக்கி பூஜ்யமாகியிருக்க வேண்டும். ஆகவில்லை என்றால் வக்கீல் மூலம் ஐஆர்எஸ்ஸின் திவால் பிரிவுக்கு எழுதச் சொல்லுங்கள். அப்படியும் ஒப்புக்கொள்ளவில்லை என்றால் திவால் நீதிமன்றத்திலேயே அதைத் தீர்க்கலாம், இதற்குக் காலக்கெடு இல்லை. மாநில வருமான வரிக்கும் இதே மூன்று விதிகள்தான், ஆனால் அந்தத் துறையின் கணக்கைத் தனியாகப் பார்க்க வேண்டும். குடியுரிமை விண்ணப்பமான என்-400-இல் வரி பாக்கி பற்றிக் கேள்வி உண்டு. அந்தக் கோப்பில் வைக்க இந்த டிரான்ஸ்கிரிப்டின் நகல் வேண்டும்.

அரிசிப் பையோடு வந்தவர் இப்போது ஏப்ரல் 15, ஜூன் 15, செப்டம்பர் 15, ஜனவரி 15 என்ற நாலு தேதியையும் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறார். முன்கூட்டிக் கட்டும் தவணைக்கென்று தனி வங்கிக் கணக்கு திறந்து, ஒவ்வொரு காசோலை வந்ததும் நாலில் ஒரு பங்கை அதில் போட்டுவிடுகிறார். ஐஆர்எஸ் கடிதம் வந்தால் அன்றே பிரித்துப் படம் எடுத்து எனக்கு அனுப்புகிறார்.